'இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு, தம்பி!' - முதல் கார் வாங்கும் இளைஞர்கள் சறுக்கும் இடம்

போடிநாயக்கனூரில் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும் இளைஞரிடம் புரோக்கர்கள் சொல்லும் வசனங்கள் கிட்டத்தட்ட மனப்பாடம். "டாக்டர் ஓட்டின வண்டி தம்பி, சிங்கிள் ஓனர். மழையில கூட வெளிய எடுத்ததில்ல." விலை படியப்போகிற நேரத்தில் கடைசியாக ஒன்று வரும். "இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு. நீங்க ஒத்த ரூபா செலவு பண்ண வேண்டாம்."

முதலில் சொன்னதெல்லாம் பொய்யாக இருந்தால் கொஞ்சம் பணம் போகும். கடைசி வசனம் உண்மையாகவே இருந்தாலும், அதை நம்பி சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினால் நஷ்டம் பல மடங்கு. காரணத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் வண்டி.

போடியில் கார் வாங்குபவர்களின் தேவை மதுரைக்காரர்களின் தேவை அல்ல. ஏலக்காய் கடையில் வேலை பார்ப்பவர், மலைமேல் தோட்டம் வைத்திருப்பவரின் மகன், பூப்பாறை பக்கம் வாரம் இரண்டு முறை போய் வருபவர் என எல்லோருக்கும் முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டினால் மலைதான். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். காய் பறிப்புக் காலமே மழையும் மூடுபனியும் உள்ள காலம். இரண்டு வருடம் பைக்கில் நனைந்தபடி ஏறி இறங்கிய பிறகு, "ஒரு பழைய காராவது எடுத்துக்கிறேன்ப்பா" என்று வீட்டில் பேச்சை ஆரம்பிப்பது இயல்பு. "முத வண்டி பழசா இருக்கட்டும், கை பழகட்டும்" என்று அப்பா சொல்வதும் சரியான யோசனைதான்.

தேனி ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் போதாது

விற்பவர் உங்களைத் தேனி ரோட்டில் அழைத்துப் போவார். சமதளம், நேர் சாலை, நாலாவது கியர், ஏ.சி. ஜில்லென்று இருக்கும். அந்தச் சாலையில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான்! காரை மலையில் நாலு வளைவாவது ஏற்றிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அதற்கு விற்பவர் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்கு ஒரு தகவல்.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். நீங்கள் வரும் முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், குளிர் ஸ்டார்ட்டில் வரும் சத்தமும் புகையும் தெரியாது. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. இரண்டுமே பெரிய செலவு.

ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். பின்னால் நழுவாமல் நிற்கிறதா? அங்கிருந்து முதல் கியரில் கிளம்புங்கள். இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர யோசிக்கிறது, கருகிய வாடை வருகிறது என்றால் கிளட்ச் பிளேட் முடியப்போகிறது. டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். சமதளத்தில் ஒழுங்காக இருக்கும் ரேடியேட்டர், இரண்டாவது கியரில் தொடர்ந்து ஏறும்போதுதான் தன் நிலையைச் சொல்லும்.

இறங்கும்போது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாத ஆயில் என்றால், நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது சூட்டில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகும். பெடல் பஞ்சு போல உள்ளே போகும். மலை வண்டிக்கு பெயின்ட்டைவிட பிரேக் ஆயில் முக்கியம் என்பதை எந்த புரோக்கரும் சொல்ல மாட்டார். (டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பதற்காகத்தான்.)

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பல வருடப் பழசான ரப்பர் இறுகியிருக்கும். நாலு டயரையும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கிலோமீட்டர் மீட்டரை ரொம்பவும் நம்ப வேண்டியதில்லை. 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற காரில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் எது பொய் என்று உங்களுக்கே தெரியும். தவிர, தோட்டத்துக் கல்பாதையில் ஓடிய 40,000 கிலோமீட்டரும் பைபாஸில் ஓடிய 40,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய் அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது.

வெள்ளத்தில் நின்ற கார்கள் வேறு கதை. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம், சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்கள் என ஒவ்வொன்றுக்குப் பிறகும் நீரில் மூழ்கிய கார்கள் துடைக்கப்பட்டு வேறு ஊர்ச் சந்தைகளுக்குப் போயின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேலே சுத்தமாக இருக்கும் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருந்தால், அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கத்து கார்

எல்லையோர ஊர் என்பதால் கே.எல். 06, 68, 69 எண் கொண்ட கார்களும் போடிக்கு விலைக்கு வரும். விலை குறைவாகத் தோன்றும். ஆனால், அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வேண்டும். வேறு மாநில எண்ணிலேயே 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டக் கூடாது என்பது சட்டம். இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் டி.என். 60 வண்டியே மலிவாக இருக்கலாம்.

ஆர்.சி.யில் வங்கி அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். 'லோன் எப்பவோ கட்டியாச்சு' என்ற வாய்ச்சொல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் செல்லாது. பதிவு செய்து 15 வருடம் ஆன கார் என்றால் புதுப்பிக்க வேண்டும்; அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. டீலரிடம் வாங்கினால், அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். பழைய வண்டி விற்கும் டீலர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அந்த எட்டு மாசம்

இப்போது புரோக்கரின் கடைசி வசனத்துக்கு வருவோம். பாலிசியில் எட்டு மாதம் மிச்சம் இருப்பது உண்மை. ஆனால் அது யார் பெயரில்? விற்றவர் பெயரில்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு, வண்டி கைமாறும்போது இன்சூரன்ஸும் புதிய உரிமையாளருக்கு மாறியதாகக் கருதப்படும் என்கிறது. இதை மட்டும் கேள்விப்பட்டவர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தப் பாதுகாப்பு மூன்றாம் நபருக்கு மட்டும்தான், அதாவது உங்கள் காரால் அடிபடும் வெளியாளுக்கு. உங்கள் கார் நொறுங்கினால் அதற்கான பணம் தானாக உங்களிடம் வந்து சேராது. 1995-ல் 'கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஆர்.சி. புதிய உரிமையாளர் பெயருக்கு மாறியிருந்தது. பாலிசி மாறவில்லை. சொந்த வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு வேண்டுமென்றால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் புதிய உரிமையாளருக்கும் இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

அதாவது, வாங்கிய மூன்றாவது வாரம் ஒன்பதாவது வளைவில் தடுப்புச்சுவரில் இடித்து முன்பக்கம் போய்விட்டால், கையிலிருக்கும் பாலிசித் தாளால் பயன் இல்லை. அதில் இருப்பவருக்கு இப்போது கார் இல்லை. கார் இருப்பவருக்கு பாலிசி இல்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வண்டி கைமாறிய 14 நாள்களுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. நகல், படிவம் 29, 30 நகல்கள், பழைய பாலிசி, விற்றவரின் கையெழுத்து, ஒரு சிறு கட்டணம். சில நிறுவனங்கள் வண்டியை வந்து பார்ப்பார்கள் அல்லது வீடியோ கேட்பார்கள். இதைவிட எளிது, காரை எடுக்கும் நாளிலேயே உங்கள் பெயரில் புது பாலிசி போட்டுக்கொள்வது.

இதில் விற்பவருக்கும் ஆபத்து இருக்கிறது. பழைய காரைக் கொடுக்கும் பெரியவர்கள் பலர் 29, 30 படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நவீன் குமார் - விஜய் குமார் வழக்கைக் கேட்டால் அந்தத் தைரியம் வராது. ஒரு கார் 2007-ல் விற்கப்பட்டு, அடுத்தடுத்து பலர் கைக்குப் போனது. யாரும் ஆர்.சி.யை மாற்றவில்லை. 2009-ல் விபத்து நடந்தது. முதலில் விற்றவர், 'அது இப்போது என் கார் இல்லை' என்றார். ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்றது நீதிமன்றம். விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஊரில் தெரிந்தவரிடம் கார் வாங்கும்போது, "மாமா, ஆர்.சி. மாத்தின உடனே உங்களுக்கு போட்டோ அனுப்புறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அவருக்கும் அது நிம்மதி.

பின் சீட்டில் இருப்பது யார்?

'பழைய வண்டிதானே, தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் போதும்' என்பது அடுத்த சறுக்கல். சட்டப்படி அது போதும்தான். இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை; தேர்ட் பார்ட்டி இருந்தால் அந்தப் பிரச்னை வராது.

ஆனால், பின் சீட்டில் அம்மாவும் பாட்டியும் உட்கார்ந்து வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்காக மட்டும் எடுக்கும் பாலிசியில், சொந்த காரில் இலவசமாகப் பயணிக்கும் இவர்கள் 'மூன்றாம் நபர்' கணக்கில் வர மாட்டார்கள். முழுமையான பாலிசி, அதாவது பேக்கேஜ் பாலிசி இருந்தால்தான் காருக்குள் இருப்பவர்களுக்கான பொறுப்பை நிறுவனம் ஏற்கும். 2012-ல் நேஷனல் இன்சூரன்ஸ் - பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொன்னது. பழைய காரின் மதிப்பு குறைவு என்பதால் முழு பாலிசி வீண் என்று நினைப்பவர்கள், காருக்குள் இருப்பவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செலவு எவ்வளவு? பிரிட்டனில் 18 வயதுக்காரர் கார் ஓட்ட ஆரம்பித்தால், வயதுக்காகவே பிரீமியம் எகிறும். சிலருக்குப் பழைய காரின் விலையையே தாண்டும். குறைக்க வேண்டுமானால், ஓட்டும் விதத்தைப் பதிவுசெய்யும் கறுப்புப் பெட்டியைக் காரில் பொருத்திக்கொள்ள வேண்டும். இங்கே தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 21 வயதுக்கும் 60 வயதுக்கும் ஒரே தொகை. பார்ப்பது இன்ஜின் அளவைத்தான். 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். வரி தனி. 796 சி.சி. ஆல்டோ முதல் வகை. 1,197 சி.சி. ஸ்விஃப்ட் இரண்டாவது வகை. 'மலைக்கு இதுதான் சரி' என்று எல்லோரும் கைகாட்டும் பழைய 2,523 சி.சி. பொலேரோ மூன்றாவது வகை. பொலேரோ ஆசை இருப்பவர்கள் இதை வருடா வருடம் கட்ட வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த சேதத்துக்கான பகுதி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ஐ.டி.வி. என்கிற காப்பீட்டு மதிப்பைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு அது பேசி முடிவு செய்யும் தொகை. கார் முழுசாகப் போனால் கிடைக்கப்போவது அந்தத் தொகைதான் என்பதால், வாங்கிய விலைக்கு அருகில் வையுங்கள்.

விற்பவரின் 'நோ கிளெய்ம் போனஸ்' உங்களுக்கு வராது. அது ஆளுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. ஆனால் அதை வைத்து ஒரு துப்புத் துலக்கலாம். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கு ஏற்ப 20, 25, 35, 45, 50 சதவிகிதம் என்று அந்தத் தள்ளுபடி ஏறும். 'ஏழு வருஷமா நான் ஒருத்தன்தான் ஓட்டுறேன், ஒரு கீறல் இல்ல' என்பவரின் பாலிசியில் அது பூஜ்யம் என்றிருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஒன்று, கடந்த வருடம் கிளெய்ம் வாங்கியிருப்பார். அல்லது பாலிசியை 90 நாள்களுக்கு மேல் காலாவதியாக விட்டிருப்பார். எதுவாக இருந்தாலும் காரை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றினால்

இதை போடிக்காரர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பறிப்புக் காலத்தில் விடிகாலையில் ஜீப்புகளும் வேன்களும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. ஏழு சீட்டர் பழைய வண்டி வாங்கும் இளைஞருக்கு, 'தவணை கட்டக் காசு வருமே' என்று தோன்றும். வெள்ளை போர்டு வண்டியின் பாலிசி, வாடகைக்கோ கூலிக்கோ ஆள் ஏற்றுவதை ஏற்காது. அப்படி ஓடும்போது விபத்து நடந்தால் வண்டிக்கான கிளெய்ம் மறுக்கப்படும். அடிபட்ட தொழிலாளர்களுக்கான இழப்பீடும் உங்கள் தலையில் விழலாம். மலைச்சரிவில் ஒரு வேன் கவிழ்ந்தால் அந்தத் தொகை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆள் ஏற்றுவதுதான் திட்டம் என்றால், ஆரம்பத்திலேயே மஞ்சள் போர்டு, பெர்மிட், வணிகப் பாலிசி என்று போங்கள். ஆர்.சி.யில் எத்தனை சீட் என்று இருக்கிறதோ அத்தனை பேர் மட்டும்.

அப்பா பெயரில் கார்

கடன் எளிதாகக் கிடைக்கும், மரியாதையாகவும் இருக்கும் என்று முதல் காரை அப்பா பெயரில் வாங்குவது இங்கே சகஜம். தப்பில்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மகனோ மகளோ ஓட்டலாம், பாலிசி செல்லும். ஆனால் பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமையாளரே ஓட்டுநராக இருப்பவருக்கு மட்டும். தினமும் மலையேறப் போவது மகன். 15 லட்சத்துக்கான காப்பீடு அப்பாவுக்கு! அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லை என்றால் அதுவும் கிடையாது. மகன் பெயரைக் குறிப்பிட்டுத் தனிநபர் விபத்துக் காப்பீட்டைக் கூடுதலாகச் சேர்க்க முடியும். ஏஜென்ட் தானாகச் சொல்வது அபூர்வம் என்பதால் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் 17 வயதுத் தம்பி இருந்தால் சாவியை ஆணியில் மாட்ட வேண்டாம். 18 வயதாகாதவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. காரின் பதிவும் ஒரு வருடம் ரத்தாகும்.

அப்படியே அப்பாவின் லைசென்ஸை எடுத்து அதிலிருக்கும் தேதியையும் பார்த்துவிடுங்கள். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.